ராணுவ லாரி சேசிஸில் பத்து டன் டிரெய்லர்: எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது

கேள்வி இது. ஆவடிப் பக்கம் ஏலத்தில் போன ஒரு ஸ்டாலியன் ராணுவ லாரியின் சேசிஸ், இன்ஜினும் கேபினும் இல்லாமல், முன் பின் ஆக்சில்களோடு பழைய இரும்பு வியாபாரி ஒருவரிடம் விலைக்கு வந்திருக்கிறது. அதை வாங்கி பத்து டன் டிரெய்லர் கட்ட வேண்டும். மாதவரத்தில் இருக்கும் யார்டுக்குள் இயந்திரங்களை நகர்த்தவும், அவ்வப்போது மணலி வரை ஜேசிபியை ஏற்றிப் போகவும் பயன்படுத்துவதாக எண்ணம். கடைசியில் ஒரு வரி: "ராணுவ இரும்பு சார், தாங்காமல் போகுமா?"

யார்டுக்குள் என்றால் கட்டலாம். ரோட்டுக்கு வேண்டாம். யார்டுக்குக் கட்டும்போதும் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது ஆக்சில், ஹப், வீல், ஸ்பிரிங் இவற்றைத்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஆசைப்படும் அந்த நீள இரும்பு, அதாவது சேசிஸ் ஃபிரேம், இந்த வேலையில் மதிப்புக் குறைந்த பாகம்.

ரோடு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அது சின்னது. ராணுவ வண்டிகளுக்கு ஆர்டிஓ பதிவு கிடையாது. மேல்நோக்கிய அம்புக்குறியோடு இருக்கும் அந்த எண்ணை ராணுவமே கொடுக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 60-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. பாதுகாப்புப் பணியிலிருந்து வண்டி வெளியே வந்துவிட்டால் மற்ற எல்லா வண்டிகளையும் போல 39, 40-ஆவது பிரிவுகளின்படி பதிய வேண்டும். அது முழு லாரியாக, உரிய விற்பனைக் காகிதங்களோடு வெளியே வரும் வண்டிக்கு. உங்களுக்கு வந்திருப்பது வெட்டிப் போட்ட பாகம். தவிர, டிரெய்லர் என்பது தனி வாகனம், அதற்குத் தனிப் பதிவு. மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேல் பத்து டன் வரை இருந்தால் டி3 என்ற வகை, அதையும் தாண்டினால் டி4. இந்த இரண்டுக்கும் ஏஐஎஸ்-113 என்ற தரநெறி இருக்கிறது, மாதிரி ஒப்புதல் அதன்படிதான். ஒரகடத்தில் ஜிஏஆர்சி சோதனை மையம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஒரே ஒரு டிரெய்லருக்காக வரைபடம், கணக்கு, பிரேக் சோதனை என்று போனால், அந்தச் செலவில் பேப்பரோடு இருக்கும் பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கிவிடலாம்.

"ராத்திரியில் ஓட்டிக்கலாம் அண்ணே, யாரும் நிறுத்த மாட்டாங்க" என்று உங்கள் டிரைவர் சொல்வார். அபராதத்தை விடுங்கள். பதிவு இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடையாது. மணலி நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு இருசக்கர வண்டிக்காரர் மீது உரசினால், நஷ்டஈடு முழுதும் உங்கள் பையிலிருந்துதான் போகும். தொழிற்சாலைக்குள்ளோ சுற்றுச்சுவர் போட்ட இடத்துக்குள்ளோ மட்டும் ஓடும்படி செய்த தனிவகை வண்டி, சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமே இல்லை. பிரிவு 2, உட்பிரிவு 28-இல் அப்படி இருக்கிறது. ஆனால் கேட்டைத் தாண்டி எதிர்ச் சாரியில் இருக்கும் ஷெட்டுக்குப் போனாலும் அது ரோடுதான். மணலிக்கு ஜேசிபி போக வேண்டிய நாளில் வாடகைக்கு ஒரு லோ-பெட், அதாவது தாழ்ந்த தளமுள்ள டிரெய்லர், கூப்பிடுங்கள்.

இனி இரும்புக்கு வருவோம்.

ஸ்டாலியன் 4x4 லாரியைக் காடுமேட்டில் 5 டன், நல்ல சாலையில் 7.5 டன் என்ற கணக்கில் செய்திருக்கிறார்கள். அந்தச் சுமையின் பெரும்பங்கு பின் ஆக்சிலுக்கு அருகிலேயே உட்காரும். முன் பக்கம் இன்ஜினும் கேபினும். இரண்டு ஆக்சிலுக்கும் நட்ட நடுவில் ஒரு கனமான பொருளை வைப்பது அந்த ஃபிரேமுக்குப் பழக்கமில்லாத வேலை. நீங்கள் செய்யப் போவது அதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 250 மில்லி உயரம், 75 மில்லி அகலம், 7 மில்லி கனமுள்ள சி சேனல் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைக்கு வந்ததை டேப்பும் வெர்னியரும் வைத்து அளந்து எண்ணை மாற்றிக்கொள்ளலாம். ஆக்சில்களுக்கு இடையே 4 மீட்டர். நடுவில் 10 டன் வைத்தால் வளைவு விசை 10 டன்-மீட்டர். இரண்டு சேனலுக்கும் பாதிப் பாதி. ஒவ்வொன்றிலும் சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 265 நியூட்டன் அழுத்தம் வரும். அதே 10 டன்னை 4 மீட்டர் நீளத்துக்கும் சீராகப் பரப்பினால் சரிபாதி, 132. இது நின்ற இடத்தில். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சுமை இரண்டு மடங்காகத் தாக்கும் என்று எடுப்பது வழக்கம். அப்போது பரப்பிய சுமைக்கு 265, நடுச் சுமைக்கு 530. கடையில் கிடைக்கும் சாதாரண இரும்பு 250-இல் வளைந்து நிற்கும். லாரி ஃபிரேமுக்குப் போடும் உயர்வலிமை இரும்பு 460 வரை தாங்கும் ரகமாக இருக்கலாம். அதனாலும் 530-ஐத் தாங்க முடியாது. சீராக அடுக்கிய மூட்டைக்குப் போதுமான ஃபிரேம், ஒற்றை இயந்திரத்துக்குப் போதாமல் போவது இப்படித்தான். ஏறக்குறைய ஏழரை டன் எடையுள்ள ஜேசிபி பரவிய சுமை இல்லை. அதன் எடையில் பெரும்பகுதி பின்சக்கரங்களின் மேல்.

இப்போது அதே இடத்தில் புது ஐஎஸ்எம்பி 300 பீம், அதாவது 300 மில்லி உயரமுள்ள ஐ வடிவ இரும்பு, இரண்டு போடுங்கள். நடுச் சுமைக்கு வரும் அழுத்தம் 85, இரட்டித்தால் 170. சாதாரண இரும்புக்கே அடங்கிவிட்டது. மீட்டருக்கு சுமார் 45 கிலோ, 7 மீட்டர் நீளத்தில் இரண்டு என்றால் 630 கிலோ. பாரிமுனையிலோ அம்பத்தூரிலோ இன்றைய இரும்பு விலையை விசாரித்து 630-ஆல் பெருக்குங்கள்; வியாபாரி சேசிஸுக்குச் சொல்லும் விலைக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்தச் சேசிஸை நீட்டி, வலுவூட்டி, தட்டு வைத்துத் தைக்கிற கூலியையும் அந்தப் பக்கமே சேர்த்துக்கொள்ளுங்கள்.

வளைவு மட்டும் என்றால்கூட அடியில் தட்டு வைத்துச் சமாளிக்கலாம். பெரிய தொல்லை முறுக்கு. லாரி ஃபிரேமின் இரண்டு சேனல்களுக்கும் இடையே ஏறக்குறைய மூன்றடிதான் இருக்கும். ஜேசிபியின் சக்கரங்கள் அதற்கு வெளியே, இருபுறமும் நீட்டிய பிளாட்ஃபாரத்தின் மேல் நிற்கும். ஒரு பக்கச் சக்கரம் ஏறும் அந்த நிமிடத்தில் சேனல் வெளிப்பக்கமாகச் சாய்ந்து முறுக்கும். சி வடிவம் வளைவுக்கு நல்லது, முறுக்குக்குக் கையாலாகாது. அதனால் பிளாட்ஃபாரத்தைத் தாங்கக் குறுக்கே போடும் பேரர்களை இரண்டாக வெட்டிப் பக்கவாட்டில் ஒட்டாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே துண்டாக, பீமின் வெப்பை, அதாவது செங்குத்தாக நிற்கும் தகட்டை, துளைத்தோ மேலே ஏற்றியோ போடச் சொல்லுங்கள். பட்டறையில் இதற்குத்தான் முகம் சுளிப்பார்கள், வேலை கூடுதல். விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு தவறும் நடக்கிறது. ராணுவ லாரியின் சேசிஸ் மேடுபள்ளத்தில் நாலு சக்கரமும் தரையைத் தொட வேண்டும் என்று, அளவாக முறுக்கிக்கொள்ளவே செய்தது. கிராஸ் மெம்பர்களை ரிவெட் அடித்துப் பிடித்திருப்பதும் அதற்குத்தான். அதன் மேல் முழு நீளத்துக்கும் 8 மில்லி செக்கர் பிளேட்டை விரித்து விளிம்பெல்லாம் வெல்டிங் ஓட்டினால், நடுப்பகுதி பலகைபோல் விறைத்துவிடும். முறுக்கு முழுதும் பிளேட் முடிகிற இடத்தில் போய்க் குவியும். அங்கேதான் கீறல் விடும்.

வெல்டிங் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்த வகை டிரெய்லர்கள் ஒடிவது பெரும்பாலும் வெல்டிங் ஓரத்தில்தான். சேனலின் மேல், கீழ் ஃபிளேஞ்சில், அதாவது படுத்த தகடுகளில், வெல்டிங் பொட்டுகூட வைக்கக் கூடாது, துளையும் போடக் கூடாது. அழுத்தம் அதிகமாக இருப்பது அங்கேதான். பிடிப்பு எல்லாம் வெப்பில், ஏற்கெனவே இருக்கும் துளைகளில், 8.8 அல்லது 10.9 தர போல்ட்டில். இன்னொன்று பலருக்கும் தெரியாது: திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையில், வெல்டிங் செய்த இணைப்பின் ஆயுள் இரும்பு எவ்வளவு உயர்ந்த ரகம் என்பதைப் பார்ப்பதில்லை. சாதாரண இரும்பில் போட்ட வெல்டிங்கும் உயர்வலிமை இரும்பில் போட்ட வெல்டிங்கும் களைப்பில் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் விரியும். ஆக, வெல்டிங் வைத்த நிமிடமே "ராணுவ இரும்பு" என்ற பெருமை அந்த இடத்தில் போய்விட்டது.

புது பீமில் வேலை செய்யும்போதும் ராடைப் பாருங்கள். சில்லறை வேலைக்கு எல்லாப் பட்டறையிலும் 6013 இருக்கும். சுமை தாங்கும் இணைப்புக்கு 7018 கேளுங்கள். அது ஹைட்ரஜன் குறைந்த ராடு. ஈரம் பட்டால் அந்தக் குணமே போய்விடும். சென்னைக் காற்றில் பிரித்துப் போட்ட பாக்கெட், அதுவும் எண்ணூர்க் கடல் பக்கத்தில், ஒரு நாளிலேயே ஈரம் குடித்துவிடும். 300 டிகிரிக்கு மேல் சூடேற்றிக் காயவைக்கும் அடுப்பு அந்தப் பட்டறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். "வெயில்ல வெச்சா காஞ்சிடும் சார்" என்று பதில் வந்தால் வேறு பட்டறை பாருங்கள்.

சரி, வைத்துக்கொள்ள வேண்டிய பாகத்துக்கு வருவோம். பின் ஆக்சில். இதைப் பார்த்து வாங்குவதில்தான் உங்கள் சாமர்த்தியம் இருக்கிறது.

கனரக லாரிகளில் சக்கரத்தின் மேல் வரும் எடையைத் தாங்குவது ஹவுசிங் என்ற ஆக்சிலின் வெளிக்கூடும் ஹப் பேரிங்கும்தான். உள்ளே ஓடும் ஹாஃப் ஷாஃப்ட் சுற்றிவிடும் வேலையை மட்டும் செய்கிறது. ஹப்பின் முகத்தில் இருக்கும் நட்டுகளைக் கழற்றி ஷாஃப்ட்டை உருவினால் அப்படியே வரும், வீல் விழாது. டிரெய்லருக்கு இரண்டு பக்க ஷாஃப்ட்டும் தேவையில்லை. ஆக்சிலின் நடுவில் இருக்கும் பற்சக்கரங்களான கிரவுன் வீலும் பினியனும்கூடத் தேவையில்லை. கழற்றி அந்த வாயைத் தட்டு வைத்து மூடினால் வீண் கனம் குறையும், கழற்றியதைப் புதுப்பேட்டையில் விற்கவும் செய்யலாம். ஷாஃப்ட்டை உருவும்போது அதன் நுனியில் ஒட்டிவரும் கியர் ஆயிலை விரலில் தொட்டுப் பாருங்கள். கறுப்பாக வழவழப்பாக இருந்தால் நல்லது. பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வண்டி ஆற்றில் இறங்கியிருக்கலாம், மழையில் பல வருடம் மூடி இல்லாமல் கிடந்திருக்கலாம். அப்படியானால் நாலு பேரிங்கையும் சீலையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

ஷாஃப்ட்டை எடுத்த பிறகு பலரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. சில ஆக்சில்களில் ஹப் பேரிங்குக்கு மசகு, கிரவுனில் இருக்கும் ஆயில் வழிந்து வந்துதான் கிடைக்கும். கிரவுனை எடுத்துவிட்டால் அந்த ஆயில் வராது. பேரிங் வறண்டு ஓடிச் சூடேறி ஒட்டிக்கொள்ளும். ஹப்பைக் கழுவி, பேரிங்கில் கிரீஸ் திணித்து, ஷாஃப்ட் இருந்த ஓட்டையைக் கேஸ்கட்டோடு மூடி போட்டு அடைக்க வேண்டும். லேத்தில் அரைநாள் வேலை.

முன் ஆக்சில்? அது திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்று செய்த ஆக்சில். நக்கிள், ஜாயின்ட், டை ராடு என்று ஏகப்பட்ட மூட்டு. டை ராடில் ஒரு டிராபார், அதாவது இழுவைக் கம்பி, கட்டி இழுத்தால் வண்டி திரும்பத்தான் செய்யும், யார்டில் நடை வேகத்தில் ஓடவும் ஓடும். கொஞ்சம் வேகம் கூடினால் வால் ஆட ஆரம்பிக்கும். என் யோசனை, முன் ஆக்சிலை விற்றுவிட்டு இன்னொரு பின் ஆக்சிலோ பழைய டிரெய்லர் ஆக்சிலோ வாங்கி, டர்ன்டேபிள் என்ற சுழலும் வட்டத் தட்டின் கீழே போடுங்கள். அல்லது முன் பக்கமே ஆக்சில் இல்லாமல் கிங் பின் என்ற மாட்டு முளை வைத்து செமி-டிரெய்லராகக் கட்டி, பழைய பிரைம் மூவர், அதாவது இழுவை லாரி, ஒன்றில் மாட்டுங்கள். யார்டுக்குள் ரிவர்ஸ் எடுக்கும் தொல்லையை நினைத்தால் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். டிராபார் வண்டிக்கு இரண்டு இடத்தில் மூட்டு. பின்னால் தள்ளும்போது அது எந்தப் பக்கம் மடியும் என்பது நல்ல டிரைவருக்கே சவால்.

டயர். ஸ்டாலியனில் பின்னாலும் ஒற்றை டயர்தான், 14.00-20. பார்க்கக் கம்பீரமாக இருக்கும், இந்த வேலைக்கு ஒத்துவராது. நாலடிக்கு மேல் உயரமான டயரின் மேல் பிளாட்ஃபாரம் போட்டால் தரையிலிருந்து 1.35 மீட்டராவது வரும். ஜேசிபி ஏறுவதற்கு 15 டிகிரி சரிவு வேண்டுமென்றால் 5.2 மீட்டர் நீள ராம்ப் தேவை. அதைத் தூக்கிப் போடவே இன்னொரு இயந்திரம் வேண்டும். பிளாட்ஃபாரம் 90 சென்டிமீட்டரில் இருந்தால் மூன்றரை மீட்டர் ராம்ப் போதும். உயரம் குறைந்தால் கவிழும் பயமும் குறையும். சின்ன வீல் மாட்ட ஹப் ஒத்துக்கொள்ளுமா, பிரேக் டிரம் இடிக்குமா என்று அளந்து பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் ஸ்டாலியன் ஆக்சிலையே மறந்துவிட்டு 16 அங்குல வீல் போட்ட பழைய லோ-பெட் ஆக்சில் தேடுவது புத்திசாலித்தனம். ராணுவ டயர்கள் பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பத்து வருடம் தாண்டிய டயரின் பக்கச் சுவரை வளைத்துப் பார்த்தால் மெல்லிய வெடிப்புகள் தெரியும்.

பேச்சோடு பேச்சாக ஒன்று. இதே வியாபாரி நாளைக்கு "டாட்ரா இருக்கு, எட்டு வீல், இன்னும் ஸ்ட்ராங்" என்று கூப்பிடுவார். போகாதீர்கள். டாட்ரா என்ற அந்த ராணுவ லாரிக்கு ஏணி மாதிரி ஃபிரேமே கிடையாது. நடுவில் ஒரு குழாய், அதிலிருந்து இருபுறமும் தனித்தனியாக ஆடும் அரை ஆக்சில்கள். அதை வெட்டி டிரெய்லர் கட்டுவது வீண் வேலை.

பிரேக்கில் மட்டும் பழைய பாகம் எதையும் நம்ப வேண்டாம். டிரம்மும் எஸ்-கேமும் நல்ல நிலையில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். சேம்பர், ஹோஸ், வால்வு, ஸ்லாக் அட்ஜஸ்டர் எல்லாம் புதிது. டிரெய்லருக்கு இரண்டு லைன்: மஞ்சள் சர்வீஸ், சிவப்பு எமர்ஜென்சி. டிரெய்லரில் சொந்தமாக ஒரு ஏர் டேங்க், ரிலே எமர்ஜென்சி வால்வு, ஸ்பிரிங் பிரேக் சேம்பர். பத்து டன்னை ஏற்றிய வண்டி யார்டின் சரிவில் கழன்றுகொண்டால் தானாக நிற்க வேண்டும், அதற்குத்தான் இத்தனையும். சோதிப்பது சுலபம்: ஏர் ஏற்றி, சிவப்பு ஹோஸைப் பிடுங்குங்கள். அந்த நொடியே டிரெய்லரின் எல்லாச் சக்கரமும் இறுகிக்கொள்ள வேண்டும். விவசாய டிராக்டரில் மாட்டி இழுக்கலாமா என்று யாராவது சொன்னால், அதில் ஏர் லைன் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய ஃபிரேமையே போட வேண்டும் என்று தோன்றினால், சுமையை 5 டன்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜேசிபி அதில் ஏறக் கூடாது, மூட்டை, பைப், பலகை மட்டும். வாங்கும் முன் கம்பி பிரஷ் போட்டு பெயின்ட்டை நாலு இடத்தில் சுரண்டுங்கள்: ஸ்பிரிங் ஹேங்கர் பக்கம், கிராஸ் மெம்பர் ரிவெட்டைச் சுற்றி, சேனலும் உள்சேனலும் ஒட்டும் இடுக்கு, பின் கோடி. பச்சைப் பெயின்ட்டின் மேல் மயிரிழை போல ஒரு செந்நிறக் கோடு ரிவெட்டிலிருந்து கிளம்பிப் போனால் அது கீறல். உள்ளே ஊறிய துரு அந்த வழியாகக் கசிகிறது. சந்தேகம் என்றால் சிவப்புச் சாயம் அடித்துத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் தெளியுங்கள். வெடிப்பு இருந்தால் சிவப்பாக எழும்பி வரும். சேனலுக்கும் உள்சேனலுக்கும் நடுவே துரு உப்பி, தட்டுகள் பிரிந்து நின்றால் அந்த ஃபிரேம் எடைக்குப் போக வேண்டியது.

கட்டி முடித்ததும் ஜேசிபியை ஏற்றிப் பார்த்துவிடாதீர்கள். எடை தெரிந்த கான்கிரீட் பிளாக்குகளை அடுக்குங்கள்; எடை தெரியாவிட்டால் அவற்றை ஏற்றி வரும் லாரியை எடை மேடையில் நிறுத்தி வரச் சொல்லுங்கள். பீமின் இரண்டு கோடியிலும் ஆணி வைத்து நைலான் நூலை இழுத்துக் கட்டி, நடுவில் நூலுக்கும் பீமுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் பாதிச் சுமை, பிறகு முழுச் சுமை, ஒரு இரவு அப்படியே நிற்கட்டும். காலையில் இறக்கிவிட்டு மறுபடியும் அளந்தால் பழைய எண்ணே வர வேண்டும். இரண்டு மில்லி மாறியிருந்தாலும் எங்கேயோ இரும்பு வளைந்துவிட்டது, அல்லது போல்ட் நழுவியிருக்கிறது; கண்டுபிடிக்காமல் வேலைக்கு விடாதீர்கள். வீல் நட்டுகளை முதல் சுமை ஓட்டம் முடிந்ததும் ஒரு தடவை, வாரம் கழித்து ஒரு தடவை டார்க் ரென்ச் போட்டு இறுக்குங்கள். புதுசாக மாட்டிய டிஸ்க் பெயின்ட் அமுங்கி நட்டு தளர்வது வழக்கம்.